ஒரே சமூகம், இரண்டு ரிசல்ட்

ஜப்பானில் வாழும் கொரிய வம்சாவளிப் பிள்ளைகள் போன நூற்றாண்டின் பெரும்பகுதி பள்ளிப் படிப்பில் பின்தங்கியே இருந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபோன கொரியக் குடும்பங்களின் பிள்ளைகளோ வகுப்பில் முதல் வரிசைக்கு வந்தார்கள். முன்னோர் ஒருவர்தான், அவர்கள் பேசிய மொழியும் ஒன்றுதான். ஒரு நாட்டில் 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது', இன்னொரு நாட்டில் 'இவர்கள் ரத்தத்திலேயே படிப்பு ஊறியிருக்கிறது'. இரண்டையும் சொன்னது அந்தந்த ஊரின் பொதுப்புத்தி.

இனக்குழுக்களுக்கு இடையே கல்வி ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். மூளை, வளர்ப்பு, வறுமை, அரசாங்கம், பாகுபாடு. எந்தப் பதிலானாலும் அதே சமூகத்தை வேறு நாட்டிலோ வேறு காலத்திலோ வைத்துப் பார்த்தால் அது நிற்கிறதா என்று சோதிப்பது என் வழக்கம். பாதிக்கு மேல் அங்கேயே விழுந்துவிடும்.

ஜப்பானிலேயே புராகுமின் என்றொரு பிரிவினர் உண்டு. மற்ற ஜப்பானியரிடமிருந்து முகத்திலோ, மொழியிலோ, மதத்திலோ துளியும் வேறுபாடு இல்லாதவர்கள். தோல் பதனிடுவது, விலங்கு அறுப்பது, பிணக்காரியம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். (இதைப் படிக்கும்போது நமக்கு வேறு எதுவோ ஞாபகம் வந்தால் தப்பில்லை.) 1871-இல் சட்டம் அவர்களைச் சமமாக்கியது, அக்கம்பக்கம் சமமாக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மேல்நிலைப் பள்ளிக்குப் போன புராகுமின் பிள்ளைகளின் விகிதம் தேசிய விகிதத்தில் பாதியளவுதான். 1969-இல் தனிச் சட்டம் வந்தது. வீடு, தெரு, உதவித்தொகை என்று அரசு செலவழித்தது. 1990-களுக்குள் மேல்நிலைப் பள்ளி வரைக்குமான இடைவெளி பெருமளவு மூடிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது.

மரபணு வாதத்தை ஒரேயடியாக இங்கேயே முடித்துவிடலாம், ஏனென்றால் அதன் வரலாறே அதற்கு எதிர்சாட்சி. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான வீரர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்தது. அந்த மதிப்பெண்களை வைத்து கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் 1923-இல் ஒரு நூல் எழுதினார். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்பதும், யூதர்கள் புத்திசாலிகள் என்ற பேச்செல்லாம் வெறும் பேச்சு என்பதும் அதன் சாரம். அதே காலத்தில், 1922-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவெல் வேறொரு கவலையில் இருந்தார். புதிய மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர் ஆகிவிட்டார்கள், உச்சவரம்பு போட்டுக் குறைக்க வேண்டும் என்பது அந்தக் கவலை. தாழ்ந்த அறிவு என்று ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, அளவுக்கு மீறித் தேர்வாகிறார்கள் என்று இன்னொருவர் புலம்பினார். 1930-இல் பிரிகாமே தன் முடிவுகளுக்கு அடித்தளம் இல்லை என்று வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரை அந்த அளவுக்குப் பாராட்டலாம். இடையில் 1926-இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக அவர் உருவாக்கிய எஸ்ஏடி தேர்வு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த நேச நாட்டு வீரர்களுக்கும் ஜெர்மானியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளை ஐஃபர்ட் என்ற ஆய்வாளர் சோதித்தார். 1961-இல் முடிவு வந்தது. தந்தை வெள்ளையரானால் அறிவுத்திறன் மதிப்பெண்ணின் சராசரி 97, கறுப்பரானால் 96.5. சிறிய ஆய்வுதான். ஆனால் பிறவியிலேயே பெரிய வித்தியாசம் உண்டு என்று சொல்பவர்கள் இன்றுவரை விளக்க முடியாமல் திணறும் ஆய்வு.

சரி, அடுத்து ஊரெல்லாம் விரும்பிச் சொல்லும் பதில், கலாசாரம். 'அவர்கள் வீட்டில் படிப்புக்கு மரியாதை அதிகம்.' இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முதலில், அந்த வீடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. நாட்டுவாரி ஒதுக்கீடு போய், குடும்ப உறவும் தொழில்திறனும் அளவுகோலாயின. அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து போனவர்கள் யார்? மருத்துவர், பொறியாளர், ஆராய்ச்சி மாணவர். இன்று அமெரிக்காவில் வயதுவந்த இந்திய வம்சாவளியினரில் நான்கில் மூவர் பட்டதாரிகள். இந்தியாவில் அந்த விகிதத்தின் பக்கத்தில்கூட யாரும் வரமுடியாது. ஒரு நாட்டையே சல்லடையில் போட்டுச் சலித்து, மேலே நின்றதை மட்டும் அள்ளிக்கொண்டு போய், 'இந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்' என்று சொல்வது போன்ற கதை இது. அந்தப் பிள்ளை ஸ்பெல்லிங் போட்டியில் ஜெயிக்கும்போது கலாசாரம் என்கிறோம். அப்பாவும் அம்மாவும் முதுகலை படித்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

எதிர்ப்பக்கம் பார்க்க ஹ்மாங் மக்கள் இருக்கிறார்கள். லாவோஸ் மலைகளில் விவசாயம் செய்தவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கா பக்கம் நின்று போரிட்டு, 1975-க்குப் பிறகு அகதிகளாக அங்கே போனவர்கள். முதல் தலைமுறையில் பள்ளிக்கூடம் போகாதவர்களே ஏராளம். இன்றைக்கும் அமெரிக்க ஹ்மாங் மக்களில் பட்டதாரிகள் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் இந்த இரண்டு கூட்டமும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆசியர்கள் படிப்பில் கெட்டி என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் ஹ்மாங் பிள்ளையின் கஷ்டம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

இங்கிலாந்திலும் இதே கதை நிறம் மாறாமல் நடக்கிறது. பொதுத்தேர்வில் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் தேசியச் சராசரியை ஒட்டியோ அதற்கு மேலோ மதிப்பெண் எடுக்கிறார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள். முன்னவர்களின் பெற்றோரில் மேற்படிப்புக்கென்றே போனவர்கள் கணிசம். பின்னவர்களின் தாத்தா பாட்டிகள் 1948-க்குப் பிறகு பேருந்து ஓட்டவும் மருத்துவமனையில் வேலை பார்க்கவும் போனவர்கள். தோலின் நிறத்தைப் பார்த்துக் காட்டும் பாகுபாடு இரண்டு பேர் மீதும்தான் விழுகிறது. ஆக, அது மட்டுமே முழு விளக்கம் ஆகாது.

ஜான் ஓக்பு என்ற மானுடவியலாளர் இதை வேறு கோணத்தில் பிடித்தார். நைஜீரியாவில் பிறந்து கலிபோர்னியாவில் பாடம் நடத்தியவர். தானாக முடிவெடுத்து ஒரு நாட்டுக்குப் போனவர்களும், அடிமை வணிகத்தாலோ காலனி ஆட்சியாலோ வலுக்கட்டாயமாக ஒரு நாட்டுக்குள் சேர்க்கப்பட்டவர்களும் பள்ளிக்கூடத்தை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்றார். முதல் வகையினர் தங்களை விட்டுவந்த ஊரோடு ஒப்பிடுகிறார்கள். அவமானம் நடந்தாலும் 'வந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று பிள்ளைக்குச் சொல்ல முடியும். இரண்டாம் வகையினருக்குப் போக வேறு ஊர் இல்லை. பட்டம் வாங்கிய மாமா மூட்டை தூக்கியதை மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானியக் கொரியரின் கதை இந்த இடத்தில் துலங்கும்: 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. அங்கே போனவர்கள் பெரும்பாலும் கூலிகள், கட்டாய உழைப்புக்கு இழுக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அமெரிக்காவுக்கு விமானம் ஏறியவர் வேறு ஆள்.

ஓக்பு சொன்னது எல்லாமே நிற்கவில்லை. நன்றாகப் படித்தால் 'வெள்ளைக்காரன் மாதிரி நடிக்கிறான்' என்று கறுப்பின மாணவர்கள் தங்களுக்குள்ளேயே கேலி செய்கிறார்கள், அதனால் பின்தங்குகிறார்கள் என்று 1986-இல் சிக்னிதியா ஃபோர்டமோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை மிகவும் பிரபலமானது. ஒரே ஒரு பள்ளியில் பார்த்ததை வைத்து எழுதப்பட்டது அது. பிற்பாடு நாடு தழுவிய சர்வே தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, படிப்பின் மேல் கறுப்பின மாணவர்களின் மதிப்பு வெள்ளை மாணவர்களைவிடக் குறைவாக இல்லை. ஆனாலும் கேலிக் கதைதான் நாளிதழ்களுக்குப் பிடித்துப்போனது. பின்தங்கியவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் விளக்கங்களுக்கு எப்போதும் நல்ல கிராக்கி.

பணத்துக்கு வருவோம். வறுமை என்றவுடன் எல்லோரும் மாதச் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அசல் விஷயம் சொத்தில் இருக்கிறது. 2019-இல் அமெரிக்க வெள்ளைக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு (வரிசையாக நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் குடும்பத்துடையது) 1,88,200 டாலர், கறுப்பினக் குடும்பங்களுடையது 24,100 டாலர். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. சம்பளத்தில் இந்த அளவு வித்தியாசம் கிடையாது. 1930-களில் அரசு சார்ந்த ஒரு நிறுவனம் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டது. அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். வீடு வாங்க முடியாத தாத்தா எதையும் விட்டுச்செல்லவில்லை. அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைவான பகுதியில் வரியும் குறைவு. மாநில அரசுகள் ஓரளவு ஈடுகட்டுகின்றன, எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை.

ஆனால் பள்ளிக்குப் பணம் கொட்டினால் போதும் என்ற எளிய முடிவுக்கும் வரமுடியாது. 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்க அரசு நடத்திய ஆய்வு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தது. கட்டடம், ஆய்வகம், நூலகம் ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் மதிப்பெண் வித்தியாசத்துக்குக் காரணம் என்று வரும் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை. வீட்டுப் பின்னணிதான் மிகப் பெரிய காரணமாக வந்தது. அதற்கு அடுத்து, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது. இரண்டாவது முடிவை அப்போது பலர் கவனிக்கவில்லை. இனவாரியாகப் பிரிந்துகிடக்கும் ஊரில் பள்ளிகளும் பிரிந்தே கிடக்கும் என்பதை யோசித்தால் அதன் கனம் தெரியும்.

2004-இல் ரோலண்ட் ஃப்ரையரும் ஸ்டீவன் லெவிட்டும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் கலங்கடித்ததும் அதுதான். மழலையர் வகுப்பில் சேரும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளுக்கு இடையே மதிப்பெண் இடைவெளி தெளிவாக இருந்தது. பெற்றோரின் படிப்பு, வருமானம், பிறந்த எடை, வீட்டில் எத்தனை குழந்தைப் புத்தகங்கள் என்று ஒருசில விவரங்களைச் சமப்படுத்திப் பார்த்தபோது அந்த இடைவெளி அநேகமாக மறைந்தே போனது. அப்புறம் நடந்ததுதான் விஷயம். பள்ளி தொடங்கி ஒவ்வொரு வருடமும், அதே விவரங்களைச் சமப்படுத்திய பிறகும், இடைவெளி திரும்ப முளைத்து வளர்ந்தது. வாசலில் சமமாக நின்ற பிள்ளைகள் உள்ளே போனதும் பிரிகிறார்கள் என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பாதிப் பதில் லண்டனிலிருந்து. 1971-இல் கரீபியத் தீவு நாடான கிரனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் ஒரு சிறு நூல் எழுதினார். கரீபியப் பிள்ளைகள் அளவுக்கு மீறி 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்' பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதைப் பற்றியது. அந்தப் பெயரே இன்று படிக்கக் கூசுகிறது. தண்ணீர்க் குழாயின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் லண்டன் பிள்ளை 'டேப்' என்கும். கரீபியப் பிள்ளைக்கு அது 'பைப்'. அங்கே வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். லண்டனில் தயாரித்த தேர்வின் சரியான விடைகளில் 'பைப்' இருக்காது. இப்படிச் சின்னச் சின்னதாக மதிப்பெண் போய், கடைசியில் பிள்ளையின் மேல் ஒரு முத்திரை விழும். (கோர்ட் பிற்பாடு கிரனடாவில் துணைப் பிரதமராகி, அங்கே நடந்த ரத்தக் களரியில் சிறைக்கும் போனார். அது தனிக் கதை.)

செக் குடியரசின் ஆஸ்த்ராவா நகரத்தில் இது இன்னும் பச்சையாக நடந்தது. ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டுவந்த ரோமா இனத்தின் பிள்ளைகளில் பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளியில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அங்கே இல்லை. ஒரு ரோமா பிள்ளை அங்கே போய்ச்சேரும் வாய்ப்பு 27 மடங்கு. ஆறு வயதில் ஒரு தேர்வு, செக் மொழியில். பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். அந்தப் பள்ளியில் பாடத்திட்டம் மெலிந்தது. அங்கே படித்து முடித்தவர் தொழிற்பயிற்சியைத் தாண்டிப் போவது அபூர்வம். ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? சாதாரணப் பள்ளியில் தங்கள் பிள்ளை தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடிவாங்கும், இங்கே சொந்தக்காரப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்த இக்கட்டைப் புரிந்துகொண்டுதான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில், அந்தக் கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு முன்பே 'சிறப்புப் பள்ளி' என்ற பெயரைச் சட்டம் எடுத்துவிட்டிருந்தது. போர்டு மாறியது, உள்ளே இருந்தவர்கள் பெரிதாக மாறவில்லை. 2014-இல் ஐரோப்பிய ஆணையம் இதே விஷயத்துக்காக செக் அரசு மீது நடவடிக்கை தொடங்க வேண்டியிருந்தது.

இவ்வளவு அப்பட்டமாக இல்லாமலும் நடக்கும். இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் போடும் மதிப்பீட்டையும், பெயர் தெரியாத ஆள் திருத்தும் தேசியத் தேர்வு மதிப்பெண்ணையும் சைமன் பர்ஜெஸ், எல்லன் கிரீவ்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். கரீபிய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பிள்ளைகளை அவர்கள் எடுத்த மதிப்பெண்ணைவிடக் குறைவாக ஆசிரியர்கள் எடைபோடுவது தெரிந்தது. சீன, இந்தியப் பிள்ளைகளைக் கூடுதலாக. அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. முன்னால் பார்த்த பிள்ளைகளை வைத்து முன்னால் நிற்கும் பிள்ளையை ஊகிக்கிறார்கள். நாமும் அதைத்தான் செய்வோம். அமெரிக்காவில் நார்த் கரோலினாத் தரவில், வறுமையிலேயே உழலும் கறுப்பினச் சிறுவர்களுக்கு 3 முதல் 5-ஆம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் அமைந்தாலே பின்னாளில் படிப்பை நிறுத்தும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்தது என்று ஒரு ஆய்வு சொல்கிறது.

பள்ளிக்கூடம் என்பதே எல்லாச் சமூகத்துக்கும் ஒரே பொருள் தரும் சொல் இல்லை. கனடாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக சுமார் 1,50,000 பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. திரும்பி வராதவர்களும் ஆயிரக்கணக்கில். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான். அந்தப் பாட்டியின் பேரன் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வீட்டில் யாரும் உற்சாகமாகக் கையசைக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் ஆர்வமின்மையா?

ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு உலகம் இருப்பதற்கு இலங்கைத் தமிழர் நல்ல சான்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816-இல் கால்வைத்தது. வட்டுக்கோட்டை செமினரி 1823-இல். வறண்ட நிலம், குறைந்த வருமானம், ஆகவே படித்து அரசு வேலைக்குப் போவதே வழி என்று அந்தச் சமூகம் கணக்குப் போட்டது. பல்கலைக்கழக அறிவியல், பொறியியல் இடங்களில் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாகப் பிடித்தார்கள். 1970-களில் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண்களை மொழிவாரியாக மாற்றியமைத்த ஏற்பாடு, வந்து அதைக் குறுக்கியது. இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் மலையகத் தோட்டங்களிலும் அதே தமிழ்தான். 1948-இல் குடியுரிமை பறிபோனது. தோட்டத்துரை நடத்திய ஓரறைப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்ததே 1970-களில். நாட்டிலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு அங்கேதான் இருந்தது. 'தமிழர் என்றால் படிப்பாளிகள்' என்ற வாக்கியத்தை இந்த இரண்டு இடத்திலும் நின்று சொல்லிப் பார்க்கலாம்.

வறுமை எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் இலவச மதிய உணவு வாங்கும் அளவுக்கு ஏழ்மையான சீன வம்சாவளிப் பிள்ளைகள் நாட்டின் மொத்தச் சராசரியையே தாண்டுகிறார்கள். அதே உணவு வாங்கும் வெள்ளைப் பிள்ளைகள் அடிமட்டத்தை ஒட்டி நிற்கிறார்கள். நாடாளுமன்றக் கல்விக் குழு 2021-இல் இவர்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. பெரும்பான்மை இனம் என்பதால் யாரும் தப்பிவிடுவதில்லை. இந்த இடத்தில் கலாசாரத்துக்கு ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும்: டியூஷன் எங்கே நல்லது, எந்தப் பள்ளிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வலை, ஏழையையும் சேர்த்துத் தூக்கும். அதோடு, புதிதாகக் குடியேறியவர் சம்பளத்தில் ஏழையாக இருக்கலாம். விட்டுவந்த ஊரில் நான்கு பேர் மதிக்கும் படிப்பாளியாக இருந்திருக்கலாம். சுரங்கமும் ஆலையும் மூடிய ஊரில் மூன்றாம் தலைமுறையாக வேலையில்லாத வீட்டின் ஏழ்மை வேறு ரகம்.

இடைவெளி மூடிய கதைகளில் கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் முக்கியமானது. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பான்மை வங்கதேச வம்சாவளியினர். பெரும்பாலும் சில்ஹெட் பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள். 1997-இல் இங்கிலாந்தின் 149 கல்வி நிர்வாகப் பகுதிகளில் அது 149-ஆவது. வங்கதேசப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்பது அப்போது பலரும் பேசிய பேச்சு. பிறகு ஏதோ ஒரே ஒரு மந்திரம் நடந்ததாக நினைக்க வேண்டாம். கூடுதல் நிதி வந்தது. நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டு மொழி தெரிந்த உதவியாளர்களை வகுப்பில் வைத்தார்கள். பள்ளி நாளில் மாதக்கணக்கில் ஊருக்குப் போய்வரும் பழக்கத்தைக் குறைக்கச் சொல்லி மசூதியிலேயே பேசவைத்தார்கள். வருகைப் பதிவைத் தினமும் துரத்தினார்கள். 2010-களில் அந்தப் பகுதியின் ரிசல்ட் தேசியச் சராசரியைத் தாண்டியது. வறுமை போகவில்லை, இங்கிலாந்திலேயே குழந்தை வறுமை மிக அதிகமான இடங்களில் அது இன்றும் ஒன்று. இன்று நாடு முழுக்க வங்கதேச வம்சாவளிப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளின் சராசரியை மிஞ்சிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் படித்து முடித்து வேலைச் சந்தைக்கு வரும்போது, அதே பட்டம் வைத்திருக்கும் வெள்ளையரைவிட வேலையின்மை அதிகமாகவும் சம்பளம் குறைவாகவும் இருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு. 2016-இல் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் இதைத் தனியாகவே சுட்டிக்காட்டியது. பட்டம் வாங்கிய அந்தப் பெண்களின் பிள்ளைகள் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் பட்டத்துக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள்.